ரோட்டுக்கு மேலே, ரோட்டுக்குக் கீழே

ஆட்சேபணைக்காரர் என்று ஒரு பிறவி உண்டு. சமவெளியிலும் இவர் இருக்கிறார் என்றாலும், மலை ஊர்களில்தான் தனிச் செழிப்பாக வளர்கிறார். பனி இவருக்கு ஒத்துக்கொள்கிறது. ஏற்காட்டில் கொண்டை ஊசி வளைவுக்கு ஒருவர் வீதம் தேறுவார். இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். ஊரில் எவனாவது ஒரு செங்கல்லின் மேல் இன்னொரு செங்கல்லை வைத்தால், அந்தச் சத்தத்துக்குக் காப்பித் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வருகிறவர் யாரோ, அவரேதான்.

வளர்ச்சிக்கு எதிரி என்று மட்டும் இவரைச் சொல்லிவிடாதீர்கள், மனம் நொந்துபோவார். வளர்ச்சி வேண்டியதுதான். அது தன் வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்த நாளோடு நின்றிருக்கலாம் என்பதுதான் இவருடைய ஒரே வருத்தம். ஆகவே, மலை கெட்டுப்போக ஆரம்பித்த தேதி ஒவ்வோர் ஆட்சேபணைக்காரருக்கும் துல்லியமாகத் தெரியும். எழுபத்தொன்பதில் வீடு கட்டியவரைக் கேளுங்கள், "எம்பதுல புடிச்சுதுங்க சனி" என்பார். எண்பத்து நாலில் கட்டியவரைக் கேளுங்கள், "எம்பத்தஞ்சு வரைக்கும் சொர்க்கமுங்க" என்பார். சொர்க்கம் என்பது வேறொன்றுமில்லை. நாம் உள்ளே நுழைந்த பிறகு, அடுத்தவர் நுழைவதற்கு முன்பு, இடையில் கிடைக்கும் சில மாதங்கள்.

"அப்பெல்லாம் ஏற்காட்டுல ஃபேன் ஏதுங்க?" என்று பேச்சை ஆரம்பித்தாரானால் நீங்கள் வசதியாக உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஃபேன் இல்லாத அந்தப் பொற்காலத்தில் தொடங்கி, மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டது, விடிகாலையில் வாசல் தெளித்தால் தண்ணீர் கையிலேயே உறைந்தது என்று வளைவு வளைவாக ஏறி, இன்றைக்கு மலைக்கு வந்திருக்கும் சீர்கேட்டில் வந்து நிற்பார். முதல் ஃபேன் எந்த பஸ்ஸில், யார் மடியில் ஏறி வந்தது என்று கேட்டுவிடாதீர்கள். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். ரைட்டர் சூசைமாணிக்கம். ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்து நாலு வருஷம் ஆள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். தினமும் காலை ஆறரைக்குப் பனிக்குள் நின்று பேர் கூப்பிட்டு, இத்தனை பேர் ரோட்டுக்கு மேலே, இத்தனை பேர் ரோட்டுக்குக் கீழே என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. எஸ்டேட் நடுவே ஒரு ரோடு போனது. அதனால் அந்த உலகத்துக்கு இரண்டே பாகம். கவாத்து வெட்டுவதும், உரம் வைப்பதும், பழம் பறிப்பதும் ரோட்டுக்கு மேலே அல்லது ரோட்டுக்குக் கீழே. யாரையாவது பாம்பு கடித்துவிட்டது என்று ஓடி வந்தால்கூட, ரைட்டர் முதலில் கேட்பது, "மேலயா, கீழயா?" என்றுதான். கடிபட்டவன் பெயர் இரண்டாவது கேள்வி.

ஓய்வு பெறும் காலத்தில் அவர் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டார். அது எண்பத்தெட்டு. (மலை கெட்டுப்போனது எண்பத்தொன்பதில்.) ரோட்டுக்கு மேலே, மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, இருபத்தேழு படி ஏறிப் போகிற மாதிரி நல்ல வீடு. சிட்-அவுட்டின் வலது மூலையில் நாற்காலியைப் போட்டு, கழுத்தைக் கொஞ்சம் நீட்டினால், ரோட்டோரத்துக்கு அப்பால் கீழே ஒரு தாம்பாளம் அளவுக்கு ஏரி தெரியும். அந்தத் தாம்பாள ஏரிக்கு அவர்தான் சொந்தக்காரர், காவல்காரர், அன்றாடம் தரிசனம் செய்யும் பக்தர்.

திங்கட்கிழமை தோறும் குடைக் கொக்கியைச் சட்டைக் காலரில் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு, பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் நோட்டீஸ் பலகை படிப்பது அவர் வழக்கம். மற்றவர்கள் பேப்பரில் இறந்தோர் அறிவிப்பைப் படிப்பார்களே, அந்த ஆர்வத்தோடு படிப்பார். தொண்ணூற்றொன்றாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை அந்தப் பலகையில் மூன்று காகிதங்கள் இருந்தன. முதலாவது, மலைப்பகுதிக் கட்டடங்களுக்குப் புது விதிகள் வரப்போகின்றன; உயரம் இருபத்து நாலு அடிக்கு மேல் கூடாது; ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளைக்குள் சொல்லலாம். இரண்டாவது, சேலத்து முருகேசன் என்பவர் மூன்று வளைவு தள்ளி ஏழு மாடி ஹோட்டல் கட்ட அனுமதி கேட்கிறார். மூன்றாவது, எஸ்டேட் கூலி அருக்காணி, ரைட்டர் வீட்டுக்கு நேர் எதிரே, ரோட்டுக்குக் கீழே இரண்டு சென்ட்டில் ஓர் அறையும் சமையல் கட்டும் கட்ட அனுமதி கேட்கிறாள்.

ஏழு மாடியையும் ஓர் அறையையும் மாறி மாறிப் பார்த்தார் சூசைமாணிக்கம். இரண்டும் ஒரே உயரமாகத் தெரிந்தன. ஏழு மாடி தூரத்தில் இருந்தது. ஓர் அறை பக்கத்தில் இருந்தது.

அன்று மாலையே கமிட்டி பிறந்தது. பேக்கரிக்கார லாசர், சீசனில் அறை வாடகைக்கு விடும் தேவகுமாரி டீச்சர், ரைட்டர் என்று மூன்று பேர். லாசர் கடைப் பின்கட்டில், சூடான பன்னுக்கு எதிரே உட்கார்ந்து, மலையைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். எந்தத் தேதிக்குப் பிறகு கட்டியதெல்லாம் குற்றம் என்பது முதல் பிரச்சனை.

"எழுபத்தொம்போதுன்னு போடுங்க," என்றார், எழுபத்தொன்பதில் கட்டிய லாசர்.

"போட்டா நம்ம ரைட்டர் ஊடு போயிருமே," என்றார் டீச்சர்.

"அப்ப எம்பத்தெட்டு."

"எம்பத்தெட்டுன்னா என்ற மாடி ரூமு ரெண்டும்? அது போன வருசந்தானே போட்டேன்."

"சரிங்க, தொண்ணூறு. முடிஞ்சுது."

லாசர் பன்னைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "கார் ஷெட்டுக்கு இப்பத்தானுங்க கூரை போட்டேன். செவ்வாக்கிழமை."

அருக்காணி முதல் வரிசைக் கல் வைத்தது புதன்கிழமை. ஆகவே, 'சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி வரை எழும்பிய கட்டடங்கள் அனைத்தும் இயற்கையோடு கலந்துவிட்டவை. அதற்குப் பின் எழும்புபவை மலையின் மீதான தாக்குதல்' என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. தாக்குதல் நடத்துபவள் மறுநாளே இருபத்தேழு படி ஏறி வந்தாள்.

அருக்காணி இருபத்தெட்டு வருஷம் அவர் பேர் கூப்பிட, "இருக்கேனுங்க" என்று பதில் சொன்னவள். மே மாதக் கடைசியோடு அவளுக்கு வேலை முடிகிறது. எஸ்டேட் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலை முடிந்த அன்றைக்கு, எஸ்டேட் குடியிருக்கக் கொடுத்த லைன் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம். பிள்ளை குட்டி இல்லை. ஜூனில் மழை பிடிப்பதற்குள் தலைக்கு மேல் ஒரு கூரை ஏற வேண்டும். இப்போது சுவர் இடுப்பளவுக்கு நின்றுகொண்டிருந்தது. பனியில் நனையாமல் உரச்சாக்கைப் போர்த்தி வைத்திருந்தாள்.

"ஏனுங் ரைட்டரய்யா, என்ற ஊட்டுமேல ஆட்சேபணை குடுக்கப்போறீங்களாமே?"

"உம்மேல எனக்கு என்ன கோவம் அருக்காணி? இது கொள்கை."

"கொள்கைன்னா எத்தினி நாளைக்குங்க இருக்கும்?"

"சாகுற வரைக்கும் இருக்கும்," என்று சமையல் கட்டிலிருந்து குரல் வந்தது. அது ரைட்டரின் மனைவி இன்பமேரி. "அந்த மனுசன்கிட்ட என்ன பேச்சு, நீ உள்ள வா, காப்பி குடி."

"உன் கூரை ஏரிய மறைக்கும்," என்றார் சூசைமாணிக்கம், கொள்கையை விளக்கும் பாவனையில்.

"கூரை ரோட்டு ஒசரத்துக்கே எட்டாதுங்களே? அரையடி கம்மிதானுங்க."

"இன்னிக்கு எட்டாது. நாளைக்கு மாடி எடுப்ப."

"மாடி ஏறுறதுக்கு முட்டி வேணுமுங்களே," என்றாள் அருக்காணி.

அவளுக்காக அவர் மனசு இளகவில்லை என்று நினைக்காதீர்கள். நன்றாகவே இளகியது. அன்றிரவு ஜெபத்தில் அவளுக்கென்று தனியாக ஒரு மன்றாட்டுச் சேர்த்தார்: அவளுக்கு வேறு எங்காவது நல்ல இடம் கிடைக்க வேண்டும். அப்புறம் உட்கார்ந்து மனு எழுத ஆரம்பித்தார்.

ஆட்சேபணைக்காரரின் மனுவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பதினான்கு பக்கம். அதில் விஷயம் ஒன்றரைப் பக்கம். சேர்வராயன் மலையின் பெருமை ஐந்து பக்கம். மனுதாரரின் நாணயம், நன்னடத்தை, சேவைக்காலம் மூன்று பக்கம். மிச்சமெல்லாம் நகல் யாருக்கு என்ற பட்டியல். முதலமைச்சர் முதல் வனத்துறைக் காவலர் வரை கார்பன் வைத்துக் குத்தி எழுதிய நகல்கள். ஆண்டவருக்கு மட்டும் நகல் கிடையாது. அவரிடம் ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லிவிடுவார்.

அந்த ஒன்றரைப் பக்கத்தில், கமிட்டியின் செவ்வாய்க்கிழமைத் தீர்மானம் போக, இரண்டு கோரிக்கைகள் இருந்தன. ஒன்று: கட்டடத்தின் உயரத்தைத் தரை மட்டத்திலிருந்து அல்ல, ரோட்டு மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். இரண்டு: உயரம் மீறினாலும் விட்டுவைக்க வேண்டுமா, புதிதாகக் கட்ட வேண்டுமா, எதுவானாலும் நூறடிக்குள் குடியிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், குறைந்தது ஒருவராவது, சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். முதலாவது முருகேசனுக்கு வைத்த பொறி. இரண்டாவது அருக்காணிக்கு. அந்த 'குறைந்தது ஒருவராவது' என்பதை எழுதிவிட்டு அவர் ஒரு நிமிஷம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆளில்லாத காட்டில்கூட இனி ஒருவனும் கட்ட முடியாதல்லவா?

விசாரணை நாள் வந்தது. சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்து, இன்னும் வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"தரை மட்டத்துல இருந்துன்னுதான் ஏற்கனவே இருக்குதே?" என்றார் அதிகாரி.

"எந்தத் தரைங்க?" என்றார் சூசைமாணிக்கம். இந்தக் கேள்விக்காக அவர் ஒரு மாதமாகக் காத்திருந்தார். "மலையில தரை எங்கீங்க இருக்குது? காலையில ஒரு எடத்துல இருக்கும், ஒரு மழை பேஞ்சுதுன்னா அடிவாரத்துக் குப்பனூருக்கு எறங்கிப் போயிரும். கள்ளன் என்ன பண்ணுவான், பத்தடி மண்ணக் கொட்டி மேடாக்கி, இதுதாஞ்சாமி தரைம்பான். ரோடு அப்புடியா? ரோடு நகராதுங்க. ரோட்டுக்கு மேல, ரோட்டுக்குக் கீழ, இதத்தவிர இந்த மலையில வேற அளவே கெடையாதுங்க."

லாசர் தலையாட்டினார். டீச்சர் தலையாட்டினார். மலையில் பிறந்து வளர்ந்த ஒருவருக்காவது இதில் தப்பு தெரிய வேண்டுமே? தெரியவில்லை. ரோடுதான் அங்கே பூஜ்யம். சூரியனே ரோட்டுக்கு மேலேதான் உதிக்கிறது, ரோட்டுக்குக் கீழேதான் இறங்குகிறது. பின்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த முருகேசன் ஒரு கணம் யோசித்தார். பிறகு எழுந்து, ரொம்பப் பணிவாக, "எனக்கும் ஆட்சேபணை இல்லீங்க" என்றார்.

"தோத்துட்டான், பாருங்க, மூஞ்சியே செத்துப்போச்சு," என்று லாசர் காதைக் கடித்தார்.

அதிகாரிக்கு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு கோரிக்கையையும் ஏற்றுக்கொண்டார். "இந்தச் செவ்வாக்கிழமை அஞ்சு மணியெல்லாம் சட்டத்துல எழுத முடியாதுங்க. பழசு, புதுசு எல்லாக் கட்டடத்துக்கும்னு போட்டுடுறேன்," என்று சொல்லிக்கொண்டே ஒரு வரியை அடித்தார். வெற்றிக் களிப்பில் கமிட்டி அதைக் காதில் வாங்கவில்லை. லாசர் அன்று ஊருக்கே இலவசமாக பன் கொடுத்தார். முந்தின நாள் பன்.

ஏப்ரலில் விதிகள் அமலுக்கு வந்தன. கோவிந்தராஜ் என்ற ஓவர்சியர், தண்ணீர் நிரப்பிய ட்யூபும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு ரோடு ரோடாக அளக்கப் புறப்பட்டார். பாவம், நேர்மையான மனிதர். விதியில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே செய்துவிடுவார். இவரைப் போன்றவர்களால்தான் நாட்டில் எத்தனையோ நல்ல சட்டங்கள் கெட்டுப்போகின்றன.

முதலில் முருகேசனின் இடம். அங்கே ஏழு மாடிக்கு மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேல்நோக்கி அல்ல, ரோட்டோரத்திலிருந்து கீழ்நோக்கி. ஆறு மாடி சரிவில் இறங்கிப் போனது. ஒன்றே ஒன்று ரோட்டுக்கு மேலே தலையைக் காட்டும். ஓவர்சியர் அளந்தார். 'பதினோரு அடி. ஒரு மாடிக் கட்டடம். பக்கத்து வீட்டுச் சம்மதம் இணைப்பில். விதிக்கு உட்பட்டது,' என்று எழுதினார். கூட வந்த சூசைமாணிக்கம் சரிவை எட்டிப் பார்த்தார்.

"அந்த ஆறு மாடி?"

"எங்கீங்க?"

"அதோ, கீழ!"

"ரோட்டுக்குக் கீழ உயரம் எப்புடிங்க வரும்? ஆழந்தானே வரும். ஆழத்துக்கு விதி இல்லீங்களே."

தேவகுமாரி டீச்சர் மறுநாளே கமிட்டியிலிருந்து விலகிவிட்டார். அவர் வீடும் சரிவில்தான் இருந்தது. கீழ்நோக்கி மூன்று அறை எடுக்க மேஸ்திரியைக் கூப்பிட்டிருக்கிறார் என்று சொன்னார்கள்.

மே மாதம் பிறந்ததும் அருக்காணியின் இரண்டு சென்ட்டுக்கும் ஓவர்சியர் வந்தார். வரைபடத்தைப் பார்த்தார், ட்யூபைப் பிடித்தார், நெற்றியைச் சொறிந்தார். வரைபடப்படி கூரை முகடு ரோட்டுக்கு அரை அடி கீழேதான் வரும்.

"உங்களுக்கு அனுமதியே தேவையில்லீங்கம்மா. இது கட்டடமே இல்ல. ரோட்டுக்கு மேல ஒரு சாணாச்சும் தெரிஞ்சாத்தான் நான் கட்டடம்னு எழுத முடியும்."

"அப்ப நான் கட்டிக்கலாமுங்களா?"

"தாராளமா. ஆனா கட்டடம் இல்லாததுக்குக் கதவு நெம்பர் குடுக்க முடியாதுங்க."

அருக்காணியின் முகம் மலர்ந்த வேகத்தில் வாடியது. "நெம்பர் இல்லீன்னா ரேசன் கார்டு எப்புடிங்க மாத்துவாங்க? கரண்ட்டு எப்புடிங்க குடுப்பாங்க? நான் ஊட்டுல குடியிருக்கறனா, குழியில குடியிருக்கறனா?"

ஓவர்சியர் ட்யூபைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். ரோட்டைக் கடந்து இருபத்தேழு படியேறினார்.

இங்கேதான் வாசகர்கள் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ரைட்டர் வீட்டுத் தரையே ரோட்டுக்குப் பதினெட்டு அடி மேலே. இருபத்து நாலில் பதினெட்டுப் போனால் ஆறு. கோவிந்தராஜ் வரவேற்பறைக்குள் வந்து, தரையிலிருந்து ஆறடி உயரத்தில், நீலம் தோய்த்த நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். சுவரில் பளிச்சென்று கோடு விழுந்தது.

"இதுவரைக்கும் உங்க ஊடு சட்டப்படி இருக்குதுங்க."

"அதுக்கு மேல?"

"மேலதாங்க எடுக்கணும். சொவத்துல பாதி, தளம், தண்ணித் தொட்டி. அப்பறம் அந்தப் படம்."

திருஇருதய ஆண்டவர் படம் முழுவதுமாகக் கோட்டுக்கு மேலே இருந்தது.

இன்பமேரி வந்து கோட்டுக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டாள். "நான் அஞ்சடி. எனக்கு ஒண்ணும் பயமில்ல. நீங்கதான் அஞ்சே முக்கா. இனிமே ஊட்டுக்குள்ள குல்லா போடாதீங்க, புடிச்சுக்கிட்டுப் போயிருவாங்க."

"இது செவ்வாக்கிழமைக்கு முன்னாடி கட்டுனதுங்க!" என்று கத்தினார் ரைட்டர்.

"எந்தச் செவ்வாக்கிழமைங்க?" என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார் ஓவர்சியர். பிறகு இரக்கப்பட்டு வழியும் சொன்னார். "உங்க ரெண்டாவது கோரிக்கைப்படி, பக்கத்து ஊட்டுக்காரர் ஒருத்தர் சம்மதம் எழுதிக் குடுத்தா விட்டுவெச்சுக்கலாமுங்க. முப்பது நாள் டைம்."

பின்னால் காடு. இடப்புறம் ஓடை. வலப்புறம் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். எதிரே அருக்காணி.

"அந்த அருக்காணி என்ற பேச்சத் தட்டமாட்டா," என்றார் சூசைமாணிக்கம், மூச்சு விட்டு.

"அந்தம்மாவுக்கு ஊடே இல்லீங்களே. ஊடு இருந்தாத்தானே ஊட்டுக்காரம்மா?"

"பக்கத்துல ஆளே இல்லீன்னா சம்மதம் எதுக்குங்க?"

"'குறைந்தது ஒருவராவது'ன்னு நீங்கதானுங்களே எழுதியிருக்கீங்க," என்றார் கோவிந்தராஜ், பதினான்கு பக்கத்தைப் புரட்டிக் காட்டி. "நல்லா எழுதியிருக்கீங்க. ஓட்டையே இல்ல."

சூசைமாணிக்கம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கோடு அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். எழுந்தால் தலைக்கு மூன்று அங்குலம் மேலே. மூன்றாம் நாள் காலை இருபத்தேழு படி இறங்கி, ரோட்டைக் கடந்து, வீடு கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக ரோட்டுக்குக் கீழே இறங்கினார்.

"அருக்காணி, இன்னும் ரெண்டடி ஒசத்திக் கட்டு."

அருக்காணி கையிலிருந்த சாந்துச் சட்டியோடு நிமிர்ந்தாள். "என்னங்க?"

"ரெண்டே ரெண்டடி. கூரை ரோட்டுக்கு மேல தெரியோணும்."

"ஏரி மறைக்குமுங்களே?"

"ஏரி கெடக்குது."

"கொள்கைங்களே?"

"அருக்காணி, என்ற வயசுக்கு மருவாதி குடு கண்ணு."

"எனக்கு எதுக்குங்க அம்புட்டு ஒசரம்? நான் நிக்கறதே நாலே முக்கா அடி." ஆனால் கதவு நெம்பர் அவளுக்கும் வேண்டியிருந்தது. சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "செங்கல்லு பத்தாதுங்க," என்றாள்.

அப்புறம் ஏற்காடு கண்ட காட்சியை நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மலையைக் காத்த மாவீரர் தன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு வாங்கி வைத்திருந்த செங்கல்லை, மூன்று மூன்றாக மார்பில் அணைத்துக்கொண்டு, ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். அடிவாரத்திலிருந்து ஓடு ஏற்றி வந்த லாரியை வளைவிலேயே போய் மறித்துக் கூட்டி வந்தார். மேஸ்திரி டீ குடிக்கப் போனால் பின்னாலேயே போய் நின்றார். அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சம்மதம் எழுதிக் கொடுத்து, தன்னுடைய ஆட்சேபணையைத் தானே எதிர்த்து ஓர் ஆட்சேபணை எழுதி, அதை விசாரிக்கும்படி தானே நினைவூட்டலும் எழுதினார். எல்லாவற்றுக்கும் நகல் போனது.

லாசர் ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்தார். "என்னங்க ரைட்டர், எதிரி பக்கம் சேந்துட்டீங்களா?"

"வளவளன்னு பேசாத லாசரு. எறங்கி வந்து ஒரு கை புடி."

மே இருபத்தேழாம் தேதி கூரை ஏறியது. ஓவர்சியர் வந்து ரோட்டில் நின்று அளந்து, பதிவேட்டில் இப்படி எழுதினார்: 'உயரம் ஒன்றரை அடி. குடியிருப்பவர் ஒருவர்.' ஒன்றரை அடி உயர வீட்டுக்குள் அந்த ஒருவர் எப்படி நுழைகிறார் என்பது அவர் இலாகா இல்லை. கதவு நெம்பர் பொறித்த தகரத்தைத் தானே ஆணியடித்துவிட்டுப் போனார். மேலே சிட்-அவுட்டின் வலது மூலையில் உட்கார்ந்து கழுத்தை நீட்டினால், தாம்பாள ஏரி இருந்த இடத்தில் இப்போது புத்தம்புது ஓடு செக்கச்செவேல் என்று தெரிந்தது. அரை அடி தாழ்ந்தே இருந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மறைந்திருக்காது.

முப்பது நாள் முடிய ஒரு நாள் இருக்கும்போது, சூசைமாணிக்கம் சம்மதக் காகிதத்தோடு இறங்கிப் போனார். எஸ்டேட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அருக்காணி, தன் வீட்டின் பின்வாசல் கல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். லைன் வீட்டுக் கட்டில், இரண்டு பானை, ஒரு டிரங்குப் பெட்டி எல்லாம் உள்ளே வந்திருந்தன. கையெழுத்துப் போட அவளுக்குத் தெரியும், மூன்றாம் வகுப்பு.

"போடறேனுங்க, போடாம என்ன," என்றாள். காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அதுக்கு முன்னால நீங்க எனக்கு ஒரு காயிதம் எழுதோணும்."

"என்ன காயிதம்?"

கீழே சரிவைக் காட்டினாள். காட்டுச்செடியை வெட்டி ஒதுக்கிவிட்டு, நாலு முளைக்குச்சி அடித்து, சதுரமாக நூல் கட்டியிருந்தார்கள்.

"யாரு?"

"நம்ம வேடியப்பந்தானுங்க. மருந்தடிக்கிற கேங்கு. அடுத்த மாசம் அவனுக்கும் வேலை முடியுதாமா. ரெண்டு சென்ட்டு வாங்கிட்டானாமா."

"பாவம், அவனுக்கும் லைன் ஊட்டக் காலி பண்ணோணுமே," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் சூசைமாணிக்கம்.

"பாவந்தானுங்க. நான் இல்லீங்கல. கட்டட்டும். வேற எங்காச்சும் கட்டட்டும்." அருக்காணி முந்தானையை இழுத்துச் செருகினாள். "அவன் அடுப்ப மூட்டுனா பொகையெல்லாம் என்ற ஊட்டுக்குத்தானுங்களே ஏறும்? நேத்து சாயங்காலம் இங்க உக்காந்தேனுங்க. அந்த ரெண்டு மரத்துக்கும் நடுவால குப்பனூரு வரைக்கும் தெரியுது. முப்பது வருசம் இந்த மலையில கெடந்தும் ஒரு நாளாச்சும் உக்காந்து பாத்திருப்பனுங்களா? இப்பத்தான் பாக்கறேன். இவன் கூரையக் கொண்டாந்து அதும்மேல வெச்சான்னா?"

சூசைமாணிக்கம் நாலு முளையையும் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், அவள் மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். அப்புறம் அவள் பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒரு மாதமாகச் செத்திருந்த முகத்தில் ரத்தம் ஏறியது.

"எத்தனை பக்கம் வேணும்?"

"உங்களுதவிட ஒரு பக்கம் கூட இருக்கட்டுமுங்க," என்றாள் அருக்காணி.

எழுதி முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது. இரண்டு காகிதத்தையும் முழங்காலில் விரித்துக்கொண்டு, நாக்கை ஓரமாகக் கடித்தபடி, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். முதலில் ஆட்சேபணையில், பிறகு சம்மதத்தில்.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நாளைக் காலை ஜன்னலைத் திறக்கிறீர்கள். இத்தனை நாள் சும்மா கிடந்த எதிர்மனையில் யாரோ நூல் கட்டியிருக்கிறார்கள். உங்கள் மனசில் முதலில் எழும் வார்த்தை எது? 'நல்லது, ஒரு குடும்பத்துக்கு நிழல் கிடைக்கப்போகிறது' என்பதா? அப்படியானால் நீங்கள் மிக நல்லவர்; இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள்.